காற்று வராதவரை நூறு சதவீதம்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் உருப்படியாக எதையும் செய்யவில்லை. அந்தக் குறையைப் போக்கி, சத்தமே போடாத தொழிற்சாலை என்னும் மூன்றாவது அதிசயத்தை உலகுக்கு வழங்கிய பெருமை, கடத்தூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவே இருக்கிற எங்கள் கோணக்கல்அள்ளியைச் சேரும். அதிசயத்தை நேரில் காண விரும்புகிறவர்கள் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு வர வேண்டும். சொல்லாமல் வந்தால் அதிசயம் நடக்காது.

இதை எழுதுகிற நான், கோணக்கல்அள்ளி "ஒலி ஒழிப்பு ஒருங்கிணைப்புக் குழு"வின் செயலாளர். தொழில்முறையில் வரவேற்புரை வழங்குபவன். இந்த வட்டாரத்தில் காதுகுத்து, கடைத்திறப்பு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் "வருக வருக" என்று ஆரம்பிக்கிற குரல் என்னுடையதுதான். சத்தத்தை ஒழிக்கிற குழுவுக்கு இவ்வளவு பெரிய தொண்டைக்காரன் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஆலை ஓடும்போது மைக் இல்லாமல் தீர்மானத்தை வாசிக்க இந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. அதுதான் என் தகுதி.

ஆலை என்றால் சேகோ ஆலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலெடுத்து, மாவாக்கி விற்கிற இடம். முதலாளி ரஞ்சித்குமாரின் அப்பா காலத்தில் மாவை வெயிலில் காயப்போட்டார்கள். வெயில் சத்தம் போடாது. ஆனால் மெதுவாக வேலை செய்யும், மழை வந்தால் லீவு எடுத்துக்கொள்ளும். வெளியூரில் படித்துவிட்டு வந்த ரஞ்சித்குமார் வெயிலை வேலையை விட்டு நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ராட்சத பிளோயரை நியமித்தார். அது ஒரு பக்கம் காற்றை இழுத்து, சூடாக்கி, ஈரமாவை ஊதிக் காயவைத்து, மறுபக்கம் ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு தகரக் குழாய் வழியாக வெளியே தள்ளும். ராப்பகலாக ஓடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். காற்றை இழுக்கிற பக்கம் முதலாளியின் அறை இருக்கிறது. தள்ளுகிற பக்கம் ஊர் இருக்கிறது. இதில் உள்நோக்கம் எதுவும் கிடையாது. வாஸ்து.

பிளோயர் வந்த பிறகு ஊரில் பண்பாடு வளர்ந்தது. புறம் பேசுவது அறவே நின்றது, ஏனென்றால் கத்திக்கொண்டு புறம் பேச முடியாது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் யார் என்ன சொன்னார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியாததால் சமாதானம் சீக்கிரம் வந்தது. எல்லாரும் எல்லாரிடமும் தொண்டை கிழியப் பேசினார்கள். அது பழகிப்போய், கடத்தூர் சந்தைக்குப் போனாலும் அதே குரலில் தக்காளி விலை கேட்டார்கள். கடைக்காரர்கள் பயந்துபோய் குறைத்துக் கொடுத்தார்கள். ஒரு தொழிற்சாலையால் ஓர் ஊருக்கு இதைவிட என்ன செய்ய முடியும்?

இவ்வளவு நன்மைக்கு நடுவிலும் ஒருத்தி குறை சொன்னாள். பெயர் அமுதவல்லி. குழாய்க்கு நேர் எதிர் வீடு. அவள் புருஷன் பூவரசன் மரவள்ளி போடுகிறவன், அவன் கிழங்கு மொத்தமும் இந்த ஆலைக்குத்தான் போகிறது. அதனால் அவன் குறை சொல்ல மாட்டான். நல்ல பிள்ளை. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கனிமொழி என்று ஆசையாகப் பேர் வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தை இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

ஒருநாள் அமுதவல்லி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குள் வந்துவிட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"பாப்பாவ தருமபுரியில டாக்டருகிட்ட காட்டினங்க," என்று கத்தினாள். "காது நல்லா இருக்குதாம். வாயும் நல்லா இருக்குதாம். வூட்டுல பேசறது காதுல வுழுந்தாத்தான் கொழந்த திருப்பிப் பேசும், நெறையப் பேசுங்கன்னாரு. நா நாள் முச்சூடும் பேசறனுங்க. நா பேசறது எனக்கே கேக்கல. பாப்பாவுக்கு எப்படிங்க கேக்கும்?"

ரஞ்சித்குமார் இளகிய மனசுக்காரர். உடனே யோசனை சொன்னார். "ஏம்மா, டிவிய போட்டு வுட்டாப் பேசக் கத்துக்குமே?"

"டிவியும் கேக்கலைங்க."

"சவுண்ட ஏத்தி வையி."

"ஏத்தி வெச்சா பாப்பா காதப் பொத்திக்குதுங்க."

"அப்ப காது நல்லாத்தான இருக்குது? அப்பறம் என்னா கவல?"

"பேச மாட்டேங்குதுங்களே!"

"மூணு வயசுலயே பேசி என்னா பண்ணப் போகுது? எங்க மாமா அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு. இன்னிக்கு அவரு மேடையேறினா எறக்க முடியல."

அமுதவல்லி சிரிக்கவில்லை. "இந்த வயசத் தாண்டிட்டா அப்பறம் பேச்சு வர்றது கஷ்டம்னு சொல்லிட்டாருங்க டாக்டரு. சத்தத்த நிறுத்துங்க. இல்லைன்னா கலெக்டராபீசுல மனு குடுப்பன். கொழந்தையத் தூக்கிட்டுப் போயி அங்கியே உக்காந்துக்குவன்."

மனு என்ற சொல்லைக் கேட்டதும் ரஞ்சித்குமாருக்குக் குழந்தையின் மேல் அக்கறை பொங்கியது. அன்று மாலையே குழு அமைக்கப்பட்டது. தலைவர் ரஞ்சித்குமார். செயலாளர் நான். ஒலியியல் ஆலோசகராக ஓசூரிலிருந்து கலைமணி என்பவரை வரவழைத்தோம். பாதிக்கப்பட்டோர் பிரதிநிதியாகப் பூவரசனைப் போட்டோம். அமுதவல்லியைப் போடாததற்குக் காரணம் உண்டு. பாதிக்கப்பட்டவர்களால் நடுநிலையாக இருக்க முடியாது.

கலைமணி கழுத்தில் டை கட்டிய இளைஞர். ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டியின் உட்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாகப் போட்ட தகடு. தகட்டுக்குப் பின்னால் கண்ணாடிப் பஞ்சு. செல்போனில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டு உள்ளே வைத்து மூடினார். பாட்டு நின்றுபோன மாதிரி இருந்தது. திறந்தார். பாட்டு குதித்து வெளியே வந்தது. மூடினார். அமைதி.

"இதுதான் சார் ஒலியுறிஞ்சும் லைனிங்," என்றார். "சத்தம் ஓட்டை வழியா உள்ள போகும். பஞ்சுல சிக்கிக்கும். அப்பறம் வெளிய வராது. ஆபீசுக்குப் போன மனு மாதிரி."

ரஞ்சித்குமாருக்கு இந்த உவமை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "குழாய் உள்பக்கம் பூரா இதையே அடிச்சிரலாமா?"

"தாராளமா சார். காத்து இழுக்கற பக்கம், தள்ளற பக்கம் ரெண்டுலயும் அடிச்சிரலாம்."

"எவ்வளவு கொறையும்?"

"நூறு சதவீதம் சார்."

நான் குறித்துக்கொண்டேன். பூவரசனிடம் கருத்துக் கேட்டோம். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க பாத்துச் செஞ்சாச் செரிங்க," என்றான். ஜனநாயக முறைப்படி தீர்மானம் நிறைவேறியது.

லைனிங் ஒரே நாளில் அடித்து முடிந்தது. அன்றே திறப்பு விழா. இங்கே எங்கள் பக்கத்து மரியாதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய மனிதர்கள் ஓரிடத்துக்கு வருகிறார்கள் என்றால், அங்கே ஓடிக்கொண்டிருக்கிற மிஷினை நிறுத்திவிட வேண்டும். நெல்லரைக்கிற மிஷினோ, கரும்பாட்டுகிற மிஷினோ, எதுவானாலும் சரி. அவர்கள் முன்னால் மிஷினை ஓடவிடுவது கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்வதற்குச் சமம். அந்த வழக்கப்படி, லைனிங் அடிக்க அன்று காலையில் நிறுத்திய பிளோயரை, விருந்தினர் கிளம்பும்வரை போடவே இல்லை. குழாய்க்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். எலுமிச்சம்பழம் நசுக்கினோம். ரிப்பன் வெட்டினோம். சால்வை போர்த்தினோம்.

ஊரே நிசப்தம். வேப்பமரத்தில் காக்கை சிறகடித்தது கேட்டது. யாரோ ஒருவர் மிக்சர் மெல்லுவது கடைசி வரிசை வரை கேட்டது. நான் வரவேற்புரையில், "இதோ, உங்கள் காதுகளே சாட்சி! லைனிங் வந்தது, சத்தம் போனது!" என்றேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. சத்தம் போனது லைனிங் வந்ததாலா, பிளோயரை நிறுத்தியதாலா என்று கேட்கிற அளவுக்கு எங்கள் ஊரில் யாருக்கும் மரியாதை கெட்டுப்போகவில்லை. அமுதவல்லி அன்று விடியற்காலையிலேயே குழந்தையோடு தருமபுரிக்கு டாக்டரிடம் போயிருந்தாள். விழா மிகவும் சிறப்பாக நடந்தது.

விருந்தினர் கார் கிளம்பியதும் பிளோயரைப் போட்டார்கள். முன்பு அந்தக் குழாய் "ஊ" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது "ஊ" அப்படியே இருக்க, அதன் தலைமேல் "ஈ" என்று ஒரு விசில் வந்து உட்கார்ந்திருந்தது. தெருநாய்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அமுதவல்லி வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆலைக்கு வந்தாள். அவள் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. வாயசைவை வைத்துப் பார்த்தால், வரவேற்புரையில் சேர்க்கத்தக்க சொற்கள் அல்ல.

குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. கலைமணி கொஞ்சமும் கலங்கவில்லை.

"லைனிங்ல ஒரு தப்பும் இல்ல சார். காத்துதான் பிரச்சினை."

"காத்தா?" என்றார் ரஞ்சித்குமார்.

"ஆமா சார். காத்து நின்னுக்கிட்டு இருந்தா, சத்தம் ஓட்டையில நிதானமா எட்டிப் பாக்கும், பஞ்சு புடிச்சுக்கும். இங்க காத்து அந்த வேகத்துல ஓடுது. சத்தமும் அது கூடயே ஓடுது. பஞ்சு கைய நீட்டறதுக்குள்ள சத்தம் ஊருக்குள்ள போயிடுது."

"அந்த விசிலு?"

"காலி பாட்டில் வாயில ஊதினா சத்தம் வரும்ல சார்? அதேதான். இத்தன ஓட்டை மேல காத்து உரசிக்கிட்டுப் போகுது, பாடுது. ஆனா அது புதுச் சத்தம் சார். நாம எடுத்துக்கிட்ட வேல பழைய சத்தத்தக் கொறைக்கறது மட்டும்தான்."

"பெட்டியில நல்லா வேல செஞ்சுதேப்பா?"

"பெட்டியில காத்து ஓடலையே சார்!"

ரஞ்சித்குமார் யோசித்தார். "ஆனா ஒண்ணு. என் ரூமுல இப்ப ஒரு சத்தமும் இல்ல. அது எப்படி?"

"அந்தப் பக்கம் காத்து உள்ள வருது சார். சத்தம் அத எதுத்துக்கிட்டு வெளிய வரணும். எதிர்க்காத்துல சைக்கிள் மிதிக்கற மாதிரி தடுமாறித் தடுமாறி வரும். பஞ்சு ஆற அமரப் புடிச்சுத் தின்னுடும். அதனால உங்க பக்கம் சூப்பரா வேல செய்யும்."

எனக்கு மெய்சிலிர்த்தது. உயிரில்லாத தகடும் பஞ்சும்தான். ஆனால் முதலாளி எந்தப் பக்கம் இருக்கிறார், ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பல படித்த மனிதர்களுக்கே இந்தப் பக்குவம் வர வருஷக்கணக்காகும்.

"லைனிங் குற்றமற்றது, காற்றே குற்றவாளி" என்று அன்று தீர்மானம் போட்டோம். காற்று ஓடாத நேரத்தில் லைனிங் நூறு சதவீதம் வேலை செய்வதையும் பாராட்டிப் பதிவு செய்தோம். பிளோயர் ஊதாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பூவரசன் மெதுவாக ஏதோ சொல்ல வந்தான். பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி உணர்ச்சிவசப்படக் கூடாது என்று தலைவர் கேட்டுக்கொண்டார்.

அடுத்த சில நாளில் இயற்கையே குழுவுக்குக் கைகொடுத்தது. குழாயில் வருவது வெறும் காற்றல்ல, ஈரமும் மாவும் கலந்த சூடான காற்று. மரவள்ளி மாவும் சூடும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? பசை ஆகும். ஓட்டை எல்லாம் பசையால் அடைபட்டு, லைனிங் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்துக்கொண்டது. விசில் நின்றது. "விசில் ஒழிப்பு முதற்கட்ட வெற்றி" என்று பேனர் வைத்தோம். பழைய "ஊ" மட்டும் ஒரு பங்கும் குறையாமல் வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் சத்தம் நுழையவும் இப்போது ஓட்டை இல்லை. தகடு பிய்ந்த ஒன்றிரண்டு இடத்தில் காற்று பஞ்சைப் பிடுங்கி அமுதவல்லியின் துணிக்கொடி மேல் தூவியது. மழையே ஒழுங்காகப் பெய்யாத தருமபுரி மாவட்டத்தில் நாங்கள் பனி பெய்ய வைத்தோம். அந்தத் துணியைப் போட்டுக்கொண்ட குழந்தை இரண்டு நாள் உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்தது. எந்தச் சாதனையிலும் சிறு குறைகள் இருக்கத்தான் செய்யும்.

அமுதவல்லி சொன்னபடி மனுக் கொடுத்துவிட்டாள். நிர்மலாதேவி என்ற அதிகாரி சத்தம் அளக்கிற மீட்டரோடு ஜீப்பில் வந்தார். ஜீப் வளைவில் திரும்பியதும் வழக்கப்படி பிளோயரை நிறுத்தினோம்.

அமுதவல்லி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே பூவரசனும் தெருக்காரர்கள் சிலரும் வந்தார்கள்.

"மேடம்! நிறுத்திப்புட்டாங்க மேடம்! ஓடவுட்டு அளங்க!"

மேடம் இரண்டடி பின்னால் போனார். "எதுக்கும்மா இப்படிக் கத்துறீங்க?"

"நா எங்க மேடம் கத்தறன்? சாதாரணமாத்தான பேசறன்!" என்று கத்தினாள் அமுதவல்லி.

"ஆமாங்க மேடம், அவ சாதாரணமாத்தான் பேசறா!" என்று தெருக்காரர்களும் கத்தினார்கள். அவர்கள் பேசுவதே அப்படித்தான். மீட்டரில் எண்கள் ஏறின. மேடம் குறித்துக்கொண்டார்.

ரஞ்சித்குமார் கைகூப்பினார். "அதிகாரிங்க முன்னாடி மிஷின ஓட்டற பழக்கம் எங்க குடும்பத்துலயே கெடையாதுங்க மேடம்."

மேடம் நியாயமானவர். அமுதவல்லியைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். "இத பாரும்மா. நான் வந்தப்ப எது எப்படி இருக்கோ, அத அப்படியே அளக்கணும். நானே ஓட்டச் சொன்னா அது குறுக்கீடு ஆயிடும். இன்னொண்ணு, காத்து அடிக்கறப்ப இந்த மீட்டர் சரியாக் காட்டாது. காத்து இல்லாதப்பதான் அளக்கணும்னு விதியே இருக்கு."

"காத்தாலதான மேடம் சத்தமே வருது?"

"காத்துன்னா அது வேற பிரிவு. தனியா மனு குடுங்க."

இதற்குப் பிறகு நடந்ததை வரவேற்புரை தொனியில் சொல்ல எனக்கு வரவில்லை. முயற்சி செய்கிறேன்.

குழந்தை இறங்கி நின்று குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது பிறந்ததிலிருந்து அந்த வாசலில் அந்தக் குழாய் ஊதாமல் இருந்து அது பார்த்ததில்லை. குழாய்க்கு உடம்பு சரியில்லையோ என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டது. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக் குழாயைக் காட்டியது. அம்மா மேடத்திடம் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. உடனே கனிமொழி முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்து, "ஊஊஊஊ" என்றது.

அப்படியே பிளோயர். ஆரம்பத்தில் அடித்தொண்டையில் மெதுவாகக் கிளம்பி, ஏறி, ஒரே மட்டத்தில் நின்று, நடுநடுவே மாவு அடைக்கும்போது வருமே ஒரு விக்கல், அதுகூட அச்சு அசலாக வந்தது. பிளோயர் ஓட்டுகிற ஆள், யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே ஓடினான்.

"பாப்பா சத்தம் போடறா! ஏனுங்க, பாப்பா சத்தம் போடறா!" என்று அமுதவல்லி சிரித்தாள். பூவரசனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மூன்று வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த குரல் அல்லவா! அப்புறம்தான் குழந்தை என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கீழே உட்கார்ந்து குழந்தையின் வாயைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை நான் பார்த்திருக்கக் கூடாது. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீட்டருக்கு இந்த மாதிரி பலவீனங்கள் கிடையாது. அது அளந்தது.

அறிக்கை வந்தது. ஆலையில் ஒலி, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு வெகு கீழே இருந்தது. அளவை மீறிய ஒலி ஆலைக்கு எதிர் வீட்டிலிருந்து வந்ததாகக் கண்டறியப்பட்டது. "ஒலியின் மூலம்: குழந்தை, பெண், வயது மூன்று. உடன் கூச்சலிட்டவர்: தாயார்." மேற்படி மூலத்தைக் கட்டுப்படுத்தி விளக்கம் அளிக்குமாறு பூவரசனுக்கு நோட்டீஸ் வந்தது.

நாங்கள் அவனைக் கைவிடவில்லை. ரஞ்சித்குமார் பெருந்தன்மையோடு ஒரு யோசனை சொன்னார். குழாய்க்கு வாங்கியதில் மிச்சம் லைனிங் இருந்தது. அதைப் பூவரசன் வீட்டுக்கு உள்பக்கமாக அடித்துக் கொடுத்தால், குழந்தையின் சத்தம் வெளியே வராது. ஊருக்கும் நல்லது, ஆலைக்கும் நல்லது.

பூவரசன் முதலில் தயங்கினான். அன்றைக்கென்று அவன் கிழங்கு லோடு ஆலை கேட்டுக்கு வெளியே நின்றது. எடைமேடை பழுது என்றார்கள். பறித்த கிழங்கு இரண்டு நாளில் கறுத்துப்போகும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சாயங்காலம் பூவரசன் சரி என்றான். எடைமேடையும் சரியானது.

கலைமணி நேரில் வந்து வேலையைப் பார்த்தார். நாலு சுவருக்கும் பஞ்சு, அதன் மேல் தகடு. ஜன்னலை அடைத்தார். புகைக்கூண்டையும் அடைத்தார். "காத்து மட்டும் புகுந்துறக் கூடாதுங்க. புகுந்தா லைனிங் வேல செய்யாது," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சித்திரை மாசம். அமுதவல்லி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"எம் பொண்ண வேக வெக்கப் பாக்கறீங்களா?" என்றாள். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, பூவரசனைப் பார்த்துத்தான் சொன்னாள். "நீ கெழங்கப் பாத்துக்க. நா பாப்பாவப் பாத்துக்கறன்." ஒரு பையில் துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு, குழந்தையோடு பென்னாகரத்தில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். அவன் தடுக்கவில்லை. தடுத்து ஏதாவது சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

பூவரசனையும் வெளியே நிற்கவைத்துவிட்டு, ஆள் இல்லாத அந்த வீட்டுக்குள் கலைமணி கொண்டுவந்த மீட்டரை வைத்து, கதவை மூடி அளந்தோம். லைனிங் கடைசியில் தன் வாக்கைக் காப்பாற்றியது. காற்றும் இல்லை, மனிதரும் இல்லை, சத்தமும் இல்லை. கலைமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதத்தான் சார் நான் மொதல்லயே சொன்னேன்," என்றார்.

மாசம் ஒன்று போயிருக்கும். லைனிங்கோடு பூவரசனை நிற்கவைத்து விளம்பரத்துக்கு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தார் கலைமணி. நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அவன் செல்போன் அடித்தது. அடித்தது என்றால் சட்டைப் பையில் நடுங்கியது. எடுத்துக் காதில் வைத்தான். முகம் மாறியது.

"என்னா? என்னா சொல்ற? பாப்பாவா?"

எதிரே குழாய் ஊதிக்கொண்டிருந்தது. அவன் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்தான், சுவரோடு சாய்ந்தான். பயனில்லை. சட்டென்று ஞாபகம் வந்தவனாக வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான். நானும் கூடவே போனேன். உள்ளே பரிபூரண அமைதி. அவன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. ஆனால் போன் கட்டாகியிருந்தது. நாலு பக்கமும் தகடு அடித்த வீட்டுக்குள் டவர் எப்படிக் கிடைக்கும்?

வெளியே ஓடினான். டவர் வந்தது, போனும் வந்தது, பிளோயரும் வந்தது. உள்ளே ஓடினான். அமைதி வந்தது, டவர் போனது. இப்படி எத்தனை தடவை ஓடினானோ தெரியாது. கடைசியில் போனை என் கையில் திணித்தான்.

"அண்ணா, நீங்க கேட்டுச் சொல்லுங்கண்ணா! பாப்பா என்னமோ பேசுதாம். என்னா பேசுதுன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணா!"

காதில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இருப்பது பெரிய தொண்டைதான், பெரிய காதல்ல. "ஊ" என்பது மட்டும் கேட்டது. அது போனிலிருந்து வரவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு, ரோடு வளைவைப் பார்த்து ஓடினான். அங்கே போய்த் திரும்பக் கூப்பிட்டபோது குழந்தை தூங்கிவிட்டதாம். "அப்பா, அப்பா"ன்னு போனைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் கூப்பிட்டதாம். அமுதவல்லி சொன்னாள்.

ஒலி ஒழிப்புக் குழுவின் ஆண்டறிக்கையில் இதை நான் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு குழந்தை முதன்முதலாக "அப்பா" என்று கூப்பிட்டதை, பெற்ற அப்பனுக்கே கேட்காதபடி அடக்கிக் காட்டியிருக்கிறோம். இதைவிடப் பெரிய ஒலி ஒழிப்பை உலகத்தில் வேறு எவனாவது செய்திருந்தால் சொல்லுங்கள், அவனுக்கும் நானே வந்து சால்வை போர்த்துகிறேன்.